புரட்டாசிப் புறப்பாடு

கொடைக்கானலுக்கு வருஷத்தில் இரண்டு சீசன். ஏப்ரல், மே மாதங்களில் வருவது பெரிய சீசன். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நிற்கும். செப்டம்பர், அக்டோபரில் வருவதை லாட்ஜ்காரர்களும் டாக்ஸி ஓட்டுகிறவர்களும் 'செகண்ட் சீசன்' என்பார்கள். அது கொஞ்சம் தயக்கமான சீசன். காலாண்டு விடுமுறையில் சூடு பிடிக்கும், நாலு நாள் அடைமழை பிடித்தால் அடங்கிவிடும். அறை வாடகையில் பேரம் படியும். ஏரிக்கரையில் காலாற நடக்க இடம் இருக்கும். நெரிசலுக்கும் வெறிச்சோடலுக்கும் நடுவிலுள்ள இந்த வாரங்களைத்தான் சுற்றுலாத் தொழில் இப்போது உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் கோடைக் கூட்டம் கலைந்து, இலை பழுத்து, குளிர் இன்னும் இறுகாத நேரம் அது. விமானக் கட்டணம் இறங்கும், அருங்காட்சியக வாசலில் வரிசை குறையும், ஒரே விசாவில் நாலைந்து நாடு பார்த்துவிடலாம் என்று போய்வந்தவர்கள் ஆசை காட்டுகிறார்கள்.

எனக்கு ஐரோப்பா வரை போக வசதியும் இல்லை, அவசரமும் இல்லை. கண்டம் என்று சொல்லத்தக்க ஒன்று காந்திகிராமத்துக்கு அருகில் அம்பாத்துரை ரயில் நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. சிறிய நிலையம் அது. பாசஞ்சர் நிற்கும், பெரிய வண்டிகள் நிற்காமல் போகும். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், நடுவில் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்குமான இருப்புப்பாதை. அதில் ஓடும் வண்டிகளின் பலகைகளைப் படித்தாலே பாதி இந்தியா வந்துவிடும்: ஹஸ்ரத் நிஜாமுதீன், ஹவுரா, சண்டிகர், பிகானேர். ஆங்கிலத்தில் இதை 'துணைக்கண்டம்' என்றவர்கள் எந்த அளவுகோலை வைத்து அந்தத் 'துணை'யைச் சேர்த்தார்கள் என்பது தெரியவில்லை. மொழி, சோறு, மண், மழை எதை வைத்துப் பார்த்தாலும் இது முழுசுதான்.

ஆகவே ஒரு திட்டம். புரட்டாசியில் கிளம்பி நாட்டைக் குறுக்காகக் கடந்து ஐப்பசிக்குள் திரும்புவது. திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. இந்தியாவுக்கு 'செகண்ட் சீசன்' என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக ஒன்று இருக்கிறது. அதுவும் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அது நகரும் விதம் வானிலைத் துறையின் படத்தில் தெளிவாகத் தெரியும். தென்மேற்குப் பருவமழை விலகத் தொடங்குவது மேற்கு ராஜஸ்தானில், வழக்கமாக செப்டம்பர் 17 வாக்கில். அங்கிருந்து கோடு தென்கிழக்காகச் சரிந்து இறங்கும். பஞ்சாப், டெல்லி, உத்தரப் பிரதேசம், பிகார் என்று ஒவ்வொன்றாக வெளுத்து, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வங்காளமும் வெளுக்கும். அக்டோபர் 15 வாக்கில் நாடு முழுவதையும் விட்டு அது போய்விடும். பிறகு ஐந்து நாள் மூச்சு. அக்டோபர் 20ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை நம் கரையில் தொடங்கும். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி இதில்தான் வருகிறது.

மழை விலகத் தொடங்கும் நாள் முன்பு செப்டம்பர் 1 என்றே குறிக்கப்பட்டிருந்தது. அண்மைப் பதிற்றாண்டுகளின் கணக்கைப் பார்த்து 2020இல்தான் அதை 17ஆகத் திருத்தினார்கள். அதாவது நம் ஆயுளுக்குள்ளேயே வடநாட்டின் சரத் காலம் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. பஞ்சாங்கம் மட்டும் நகரவில்லை.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டால் பயணத்தின் திசை தானாகவே தெரிந்துவிடுகிறது. மழை முதலில் விலகும் இடத்துக்கு முதலில் போக வேண்டும். பிறகு மழை போகும் பாதையில் அதன் பின்னாலேயே நடந்து, கிழக்குக் கடற்கரை வழியாக வீடு வர வேண்டும். மதுரையிலிருந்து பிகானேருக்கு வாரம் ஒரு நாள் அனுவிரத் எக்ஸ்பிரஸ் போகிறது. மேற்கு ராஜஸ்தானின் வாசலிலேயே இறக்கிவிடும். ஹவுராவிலிருந்து கன்னியாகுமரிக்கு வாரம் ஒரு வண்டி திண்டுக்கல் வழியாக வருகிறது. போக ஒன்று, வர ஒன்று. நடுவில் டெல்லி, காசி, கல்கத்தா. வானிலைத் துறைக்காரர்களும் ரயில்வேக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்காமலே எனக்காக ஒரு சுற்றுப்பயணம் வகுத்து வைத்திருக்கிறார்கள் என்று அன்று மாலை கொஞ்சம் இறுமாப்பாகவே இருந்தேன்.

இறுமாப்பைக் கலைத்தவர் என் துண்டு மானாவாரிக் காட்டை வாரத்துக்கு எடுத்துச் செய்கிறவர்.

"என்ன சார், வெதைக்கிற நேரத்துல ஊரச் சுத்தக் கெளம்புறீங்களாக்கும்?"

"நான் எங்கண்ணே வெதைக்கிறேன்? நீங்கதான வெதைக்கிறீங்க."

"வெதைக்கிறது நாந்தேன். மழை பேஞ்சா நல்லது, பேயலேன்னா ஏன்னு கேக்க ஒரு ஆளு வேணும்ல?"

அவர் கேட்டது வேடிக்கைக்காகத்தான். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. சுற்றுலாவுக்கு இடைவேளையாகத் தெரியும் இந்த வாரங்கள் இந்தச் சமவெளியில் மிக இறுக்கமான வாரங்கள். சோளமும் மொச்சையும் நிலத்தில் விழ வேண்டும். முதல் ஈரத்துக்கு முன்னால் உழவு முடிந்திருக்க வேண்டும். நிலக்கோட்டைப் பக்கம் ஆயுத பூஜைக்குப் பூ விலை ஏறும், மழை பிடித்துக்கொண்டால் செடியிலேயே அழுகும். சின்னாளபட்டித் தறிகளுக்குத் தீபாவளி நெருக்கடி. ஊரில் ஓய்வாக இருப்பது பிரியாணிக் கடைகள் மட்டும்தான், அதுவும் புரட்டாசி புண்ணியத்தில். ஐப்பசி பிறந்ததும் அவையும் சுறுசுறுப்பாகிவிடும்.

மற்ற இடங்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தேன். காஷ்மீரில் ஆப்பிள் பறிப்பு. பாம்போரில் குங்குமப்பூ அக்டோபர் கடைசியில்தான் மலரும். விடிவதற்குள் பறித்து, அன்றே சூலகமுடிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். பஞ்சாபில் நெல் அறுத்த கையோடு கோதுமைக்கு நிலத்தைக் காலி செய்யும் அவசரம். அந்த அவசரத்தில் தாளடிக்கு வைக்கும் தீயின் புகைதான் டெல்லிக்குள் வந்து தொண்டையை அறுக்கிறது. பிகானேரில் பயறு அறுவடை முடிந்து கடுகு விதைப்பு. வங்காளத்தில் கைவினைஞர்கள் களிமண் தேவிகளுக்குக் கண் எழுதும் நேரம். கூட்டமில்லாத காலம் என்பது நாம் ஒருவரும் பார்க்கப் போகாததால் வந்த பெயர் போலும். அங்கே இருப்பவர்களுக்குத் தலைக்குமேல் வேலை.

பழைய இந்தியா இதை வேறு விதமாக வைத்திருந்தது. மழை நாலு மாதம் பயணத்துக்கு ஆகாது. துறவிகள் சாதுர்மாஸ்யம் என்று ஓரிடத்தில் தங்கினார்கள். பௌத்தப் பிக்குகள் வஸ்ஸம் இருந்தார்கள். ஆறு வற்றி, சேறு காய்ந்து, சாலை தெரிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். படைகளும் அப்போதுதான் கிளம்பின. மராட்டியர்கள் விஜயதசமியன்று ஊர் எல்லையைத் தாண்டிப் போவதை ஒரு சடங்காகவே வைத்திருந்தார்கள். வணிகர், யாத்ரீகர், திருடர், படைவீரர் எல்லாருக்கும் ஆண்டு அங்கேதான் பிறந்தது. வடக்கின் சரத் காலம் புறப்பாட்டின் காலம். வானம் துலங்கி, நாணல் வெள்ளையாகப் பூத்துவிட்டால் ஒரு வங்காளிக்குக் கால் தரையில் நிற்காது.

நமக்கு நேர் எதிர். தொல்காப்பிய மரபு ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்து, ஆவணி புரட்டாசியைக் கார் என்றும் ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும் வைத்தது. முல்லைத் திணையின் பெரும்பொழுது கார். அதன் உள்ளடக்கம் முழுக்க ஒரே ஒரு ஒப்பந்தம்தான்: போனவன் மழைக்கு முன் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் மேகத்தைப் பார்த்து அவள் தவிப்பாள், தோழி சமாதானம் சொல்வாள், அவன் தேரோட்டியை விரட்டிக்கொண்டிருப்பான். கூதிரில் வீட்டில் இல்லாமல் பாசறையில் கிடக்கும் அரசனைப் பற்றி நெடுநல்வாடை என்று ஒரு முழுப் பாட்டே இருக்கிறது. அவன் அங்கே இருப்பதே அந்தப் பாட்டின் முறைகேடு.

ஒரே மாதத்தில் வடக்கே வானம் திறக்கிறது, இங்கே மூடுகிறது. அங்கே கிளம்பச் சொல்கிறது, இங்கே திரும்பச் சொல்கிறது. என் திட்டத்தின் இரண்டு பாதிகளும் இந்த இரண்டு கட்டளைகளுக்கும் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் கட்டுப்படுகின்றன என்று பிறகு தோன்றியது. போவதற்கு வடக்கின் நாள்காட்டி, வருவதற்கு நம்முடையது. மழையின் முதுகைத் தொட்டுக்கொண்டே கீழிறங்கி, அது திரும்பி நம் பக்கம் முகம் காட்டும்போது வீட்டில் இருந்துவிட வேண்டும். காட்டுக்காரரின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

தமிழர்களுக்கும் இந்த மாதங்களில் பயணம் இல்லாமல் இல்லை. ஐப்பசியில் காவிரித் துலா ஸ்நானம், மயிலாடுதுறையில். நாட்டைக் கடக்கத் துணிந்தவர்களுக்குக் காசியில் தீபாவளி. பொன் அன்னபூரணியின் தரிசனம் அந்தச் சில நாட்களுக்கு மட்டும்தான். அதற்காக இன்றும் ரயில் ரயிலாகப் போகிறார்கள். காசியில் நகரத்தார் சத்திரத்தில் இலை போட்டு நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்ற தைரியமும் அதில் ஒரு பங்கு. ஆனால் காசிக்கு அக்டோபருக்கு முன் போவதில் பொருளில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை படித்துறைகளை விழுங்கியிருக்கும். படகு விடமாட்டார்கள். வெள்ளம் இறங்கி, படிகளில் வண்டலைக் குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவி முடித்தபின் போக வேண்டும். அக்கரையில் ராம்நகரில் ஒரு மாதம் நடக்கும் ராம்லீலாவின் கடைசி நாட்களாவது கிடைத்தால் அதிர்ஷ்டம். ஊரே மேடை, பார்வையாளர்கள் காட்சிக்குக் காட்சி இடம் மாறி நடப்பார்கள்.

ரயில் வருவதற்கு முன் இந்தப் பாதை எப்படி இருந்தது என்பதற்கு ஏனுகுல வீராஸ்வாமியின் காசி யாத்திரைக் குறிப்புகள் இருக்கின்றன. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே மாதம் ஒரு பெரும் பரிவாரத்தோடு கிளம்பி, 1831 செப்டம்பரில் திரும்பினார். பதினைந்து மாதம். தெலுங்கில் எழுதியிருக்கிறார். எந்த ஊரில் என்ன கிடைக்கும், எங்கே ஆற்றைக் கடக்க வேண்டும், சுங்கம் எவ்வளவு என்று கணக்குப்பிள்ளையின் கண்ணோடு போகிறது அந்த எழுத்து. மே மாதத்தில் கிளம்பினால் நடுவழியில் மழை பிடிக்கும் என்பது தெரியாதவரல்ல. பதினைந்து மாதப் பயணத்துக்கு எந்த மாதத்தில் கிளம்பினால் என்ன, எல்லாப் பருவமும் வழியில் வந்தே தீரும். பருவம் பார்த்துக் கிளம்ப வேண்டியது நம்மைப் போல் இருபது இருபத்தைந்து நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட நினைப்பவர்கள்தான்.

காந்திகிராமத்தில் உட்கார்ந்துகொண்டு ரயிலைப் புகழ்வது கொஞ்சம் கூச்சமான காரியம். காந்தி 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கில்டோனன் காசில் கப்பலில், வலக்கை வலித்தபோது இடக்கையால் எழுதி, பத்து நாளில் முடித்த ஹிந்த் ஸ்வராஜில் ரயிலுக்கு ஒரு தனி வசை இருக்கிறது. கொள்ளைநோயைப் பரப்பியது, தானியத்தை விலை கிடைக்கும் இடத்துக்கு இழுத்துப் பஞ்சத்தைப் பெருக்கியது, புண்ணியத் தலங்களுக்குப் போக்கிரிகளைக் கொண்டுவந்து சேர்த்தது என்று குற்றப்பட்டியல். அதே இடத்தில் அவர் கேட்கும் கேள்விதான் எனக்கு முக்கியம். தெற்கே சேது, கிழக்கே ஜகந்நாதம், வடக்கே ஹரித்துவாரம் என்று முன்னோர்கள் தலங்களை மூலைக்கொன்றாக வைத்தது எதற்காக? வீட்டிலேயே கடவுளை வணங்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாதா? நாடு ஒன்று என்பதை மக்கள் காலால் நடந்து அறிய வேண்டும் என்பதற்காகவே என்பது அவர் வாதம். தலைவர்கள் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போய் ஒருவர் மொழியை ஒருவர் கற்றார்கள் என்றும் சொல்கிறார்.

அப்படி எழுதியவர் பிறகு வாழ்நாளில் பெரும்பகுதியை ரயிலில் கழித்தார் என்பது பலருக்கும் ஒரு கேலி. எனக்கு அது கேலியாகப் படவில்லை. அவர் ரயிலின் வேகத்தை ஏற்றுக்கொண்டு அதன் வகுப்பை மறுத்தார். 1915 ஜனவரியில் பம்பாயில் வந்திறங்கியவரிடம் கோகலே, ஓராண்டு பேசாமல் நாட்டைப் பார் என்றார். அந்த ஓராண்டில் சாந்திநிகேதன், ரங்கூன், ஹரித்துவாரத்துக் கும்பமேளா, சென்னை, தரங்கம்பாடி என்று மூன்றாம் வகுப்பில் அலைந்தார். அவருடைய பயணங்களில் இரண்டு நம் புரட்டாசியையொட்டி நடந்தவை. 1917 செப்டம்பர் 12ஆம் தேதி பம்பாயில் மெயில் வண்டி ஏறிச் சென்னைக்கு வந்தது ஒன்று. டிக்கெட் பதின்மூன்று ரூபாய் ஒன்பது அணா. இருபத்திரண்டு பேருக்கான பெட்டி, அதுவும் உட்கார மட்டும். இரண்டு இரவு. வழியில் முப்பத்தைந்து பேர் வரை ஏறினார்கள். சிலர் தரையில் கிடந்தார்கள், சிலர் நின்றார்கள். பெட்டியை வழிநெடுகக் கூட்டவே இல்லை. இவ்வளவையும் அவர் புகார்க் கடிதத்தின் ஒழுங்கோடு எழுதி வெளியிட்டார்.

இன்னொன்று 1921. சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தபோது உடன் வந்தவர்களிடம் கதரைப் பற்றிப் பேசினார். கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்றார்கள் அவர்கள். செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரைவேட்டிக்கு மாறினார். திருச்சியிலிருந்து மதுரைக்கு வரும் இருப்புப்பாதை அம்பாத்துரையைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அந்த உரையாடல் எந்த ஸ்டேஷன் அருகில் நடந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. ஆனால் ஒரு மனிதனின் உடையையே மாற்றும் அளவுக்கு ஒரு ரயில் பெட்டிப் பேச்சு போனது என்பது, ஏ.சி. பெட்டியில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தலான செய்தி.

இந்தக் காந்திகிராம வளாகத்தை உருவாக்கியவர்களும் கண்டத்தைக் குறுக்காகக் கடந்தவர்கள்தான். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், இளமையில் கணவரை இழந்தபின் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரிக்கு மருத்துவம் படிக்கப் போனார். நெய்யாற்றின்கரையில் பிறந்த ஜி. ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் படித்து, சபர்மதிக்குப் போனார். 1940இல் சேவாகிராமத்தில் காந்தியின் முன்னிலையில் இருவருக்கும் திருமணம் நடந்தது. 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுப் பெண்ணும் மலையாள ஆணும் டெல்லி, வங்காளம், குஜராத், வார்தா சுற்றி வந்து சிறுமலை அடிவாரத்தில் ஊன்றிய ஒன்றை நாம் 'கிராமம்' என்கிறோம்.

நாட்டைச் சுற்றிப் பார்க்கத் திட்டம் போடுவதில் ராமச்சந்திரனுக்கு ஒரு பெரிய அனுபவமும் உண்டு. 1959இல் மார்ட்டின் லூதர் கிங்கை இந்தியாவுக்கு அழைத்த காந்தி நினைவு நிதியின் செயலாளர் அவர்தான். பிப்ரவரி 10 முதல் மார்ச் 10 வரை ஒரு மாதம். டெல்லி, பாட்னா, கல்கத்தா, சென்னை என்று இறங்கி, காந்திகிராமத்துக்கும் வந்து, கன்னியாகுமரி வரை போனார் கிங். மாதத்தைத் தேர்ந்ததில் அக்கறை தெரிகிறது. வடக்கே குளிர் தணிந்து, தெற்கே வெயில் ஏறாத நேரம். வெளிநாட்டு விருந்தாளிக்கு அதுதான் சரி. ஆனால் அந்த மாதத்தில் வருகிறவர் மழையைப் பார்க்கமாட்டார், விதைப்பைப் பார்க்கமாட்டார். அறுத்து முடித்த தேசத்தைத்தான் பார்ப்பார். விநோபா இந்தச் சலுகை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1956, 57இல் தமிழ்நாட்டில் அவர் பூதானத்துக்காக நடந்தபோது ஐப்பசி, சித்திரை இரண்டும் நடையிலேயே போயின.

புத்தகத்திலிருந்து தலையை எடுத்து ரயில்வேக்கு வருவோம். முன்பதிவு முன்பெல்லாம் நூற்றிருபது நாளுக்கு முன்பே திறக்கும். 2024 நவம்பர் முதல் அது அறுபது நாளாகிவிட்டது. அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தாலும், பண்டிகை வாரத்தில் சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல்தான். வெளிநாட்டில் இலையுதிர்காலத்துக்குப் பயணிகள் குறைவார்கள், இங்கே அந்த வாரங்களில் கண்டமே ரயிலில் இருக்கிறது. துர்கா பூஜை, தசரா, தீபாவளி, தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சட் பூஜை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் வேலை செய்யும் ஒடியா, பிகாரி, ஜார்க்கண்ட் இளைஞர்கள் ஊருக்குப் போகும் நேரமும் இதுதான். திண்டுக்கல் நிலையத்தில் முன்பதிவில்லாப் பெட்டி நிற்கும் இடத்தை அவர்கள் என்னைவிடத் துல்லியமாக அறிவார்கள். பையில் அரிசிப்பொரி, தோளில் போர்வை, இரண்டு மூன்று வண்டி மாறி ஆயிரத்தைந்நூறு மைல். எந்தப் பருவத்தில் எங்கே அழகு என்று பார்த்துக் கிளம்புகிறவர்கள் இல்லை. அம்மா விரதம் இருந்து, ஆற்றில் இறங்கி நின்று சூரியனுக்கு அர்க்கியம் விடும் நாளில் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முல்லைத் திணைக்காரர்கள் என்று யாரையாவது இன்று காட்டச் சொன்னால் இவர்களைத்தான் காட்டுவேன். காந்தி எழுதிய முப்பத்தைந்து பேர் பெட்டி பெயர் மாறி இன்னும் ஓடுகிறது. இப்போது அதில் முப்பத்தைந்து பேர் இருந்தால் காலி என்பார்கள்.

இவர்கள் ஏறும் வாரத்தில் நானும் ஒரு பெர்த்தைப் பிடித்துக்கொள்வது நியாயமா என்று யோசித்தேன். என் பெர்த்தை விட்டால் அது அவர்களுக்குப் போகும் என்பதில்லை. அவர்களுக்குப் பெர்த் எடுக்கப் பணமும் இல்லை, அறுபது நாளுக்கு முன் லீவு உறுதியாவதும் இல்லை. இருந்தாலும் ஹவுரா திரும்புகாலை பூஜை முடிந்த மறுவாரத்துக்கு மாற்றிக்கொண்டேன். அப்போது கூட்டம் எதிர்த் திசையில் இருக்கும். நெறி பாதி, சௌகரியம் பாதி.

திட்டத்திலிருந்து காஷ்மீரை வெட்டியாயிற்று. சினார் சிவந்து, பாம்போர் வயல் ஊதாவாவது அக்டோபர் கடைசியில். அதைப் பார்த்துவிட்டு வந்தால் இங்கே மழை தொடங்கி வாரக்கணக்காகியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க விமானத்தில்தான் முடியும். விமானத்தில் போனால் மழைக்கோட்டின் பின்னால் நடக்கும் இந்த விளையாட்டே இல்லை. லடாக்கும் போயிற்று. பிகானேர் நிற்கிறது. செப்டம்பர் கடைசியில் அங்கே வெயில் இன்னும் முப்பத்தைந்து டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அதனால்தான் அறை வாடகை குறைவு. எங்கள் ஊர் வெயில் பழகியவனுக்கு அது ஒரு பொருட்டில்லை. டெல்லியில் ஒரே இரவு, புகைக்கு முன். காசியில் ஒரு வாரம். கல்கத்தாவில் பூஜைக்குப் பிந்திய சோம்பல், பந்தல் பிரிக்கும் மூங்கில்காரர்கள், தரையில் பவழமல்லி. பூரியில் இறங்கலாமா என்பது வங்கக்கடலைப் பொறுத்தது.

வங்கக்கடலைக் கேட்காமல் அக்டோபரில் கிழக்குக் கரையில் எதையும் உறுதி செய்யக்கூடாது. 1999 அக்டோபர் 29இல் ஒடிசாவைப் புரட்டிய பெரும்புயல், 2013 அக்டோபரில் பைலின், 2018 அக்டோபரில் தித்லி. வடக்கே வானம் தெளிந்திருக்கும் அதே நாட்களில்தான் கடல் இதையெல்லாம் செய்கிறது. கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறோம் என்ற நம்பிக்கை எங்களுக்கு 2018 நவம்பரோடு போயிற்று. வேதாரண்யத்தில் கரையேறிய கஜா திண்டுக்கல் வரை வந்து, கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் கேரளத்துக்குப் போனது.

காட்டுக்காரரிடம் பாதையைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்ப மழைக்கு முன்னாடி வந்துருவீங்க."

"வந்துருவேண்ணே."

"அந்த ராஜஸ்தான்ல மானாவாரியில என்ன பயறு போடுறாங்கன்னு பாருங்க. நம்மளவிட மழை கொறச்சலாமே. ஒரு படி வெதை கெடச்சா வாங்கிட்டு வாங்க."

அனுவிரத்துக்கு அறுபது நாள் பின்னால் எண்ணினால் முன்பதிவு ஆடி மாதத்தில் விழுகிறது. ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆடியில்தானே விதைக்கச் சொல்லியிருக்கிறது என்றேன். விதைப்பும் டிக்கெட் எடுப்பதும் ஒன்றா என்று கேட்கிறார்கள். டிக்கெட் எடுப்பது நல்ல காரியத்தில் சேருமா என்பது இன்னும் முடிவாகவில்லை. எட்டு மணிக்குக் கணினி முன் உட்காரப் போவது மட்டும் முடிவாகிவிட்டது.